ஜெர்மனி வேலை: எப்போதிருந்து என்.ஆர்.ஐ., அப்பா அம்மா மெடிக்ளைம் என்ன ஆகும்?

கோபி_வாய்க்கால்

எல்லாருக்கும் வணக்கம்ங்க. சரவணம்பட்டியில் ஒரு ஐடி கம்பெனியில் இருக்கிறேன். ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் பக்கம் வேலை கிடைத்திருக்கிறது. அக்டோபர் 15 அன்று சேரச் சொல்கிறார்கள். முதல் வாரத்திலேயே கிளம்பிவிடலாம் என்று யோசனை. வீட்டில் அவளும் நாலு வயசுப் பையனும் கூடவே வருகிறார்கள். அப்பா அம்மா கோபி பக்கம் தோட்டத்திலேயே இருந்துகொள்வதாகச் சொல்லிவிட்டார்கள்.

கேட்க வேண்டியது நிறைய இருக்கிறது. எந்தத் தேதியிலிருந்து நான் என்.ஆர்.ஐ.? ஒருத்தர் விசா வந்தாலே என்கிறார், எச்.ஆர். 182 நாள் என்கிறார். ஜெர்மனியில் மருத்துவக் காப்பீடு அரசு வழியா, பிரைவேட்டா? பிரைவேட்டில் எனக்குச் சொன்ன தொகை குறைவாகத்தான் இருக்கிறது. அப்பாவுக்கு 67 வயசு, சுகர் உண்டு, ஸ்டென்ட் வைத்திருக்கிறது. இப்போது அவர்கள் இருவரும் என் கம்பெனி க்ரூப் பாலிசியில் இருக்கிறார்கள். அங்கே போனபின் ஜெர்மன் காப்பீட்டில் சேர்க்க முடியுமா? என் பேரிலும் அவள் பேரிலும் எஃப்.டி. இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

பனியன்சிட்டி

தம்பி, ஃபிளைட் ஏறின அன்னைக்கே என்.ஆர்.ஐ.தான். திருப்பூர்ல என் பேங்க் மேனேஜரே சொன்னார். நான் ஷார்ஜா போனப்ப அப்படித்தான் எழுதிக் கொடுத்தேன். ரொம்பக் குழப்பிக்காதீங்க.

ஈரோடு_ஆடிட்டர்

பேங்க் மேனேஜர் சொன்னது பேங்குக்குச் சரி, வருமான வரிக்குச் சரியில்லை. அவர் பார்ப்பது ஃபெமா, அதாவது அந்நியச் செலாவணிச் சட்டம். அதில் வேலைக்காக வெளிநாடு கிளம்பினாலே அன்றிலிருந்து நீங்கள் வெளிநாட்டுவாசி, சேமிப்புக் கணக்கை என்.ஆர்.ஓ. (வெளிநாட்டில் வசிப்பவர் இந்திய வருமானத்தைப் போடும் கணக்கு) ஆக்க வேண்டும். வருமான வரிச் சட்டம் பார்ப்பது ஏப்ரல் முதல் மார்ச் வரை இந்திய மண்ணில் எத்தனை நாள் இருந்தீர்கள் என்பதை. ஏப்ரல் 1, 2026 முதல் புதுச் சட்டம் வந்து, ‘வரி ஆண்டு’ என்று பேர் மாறியிருக்கிறது. 182 நாள் கணக்கு மாறவில்லை.

இப்போது கையில் காலண்டரை எடுங்கள். ஏப்ரல் 30, மே 31, ஜூன் 30, ஜூலை 31, ஆகஸ்ட் 31. கூட்டினால் 153. செப்டம்பர் 28 வரை இருந்தால் 181. செப்டம்பர் 29 அன்றும் இங்கே இருந்தால் 182 ஆகி, இந்த ஆண்டு முழுக்க நீங்கள் இந்தியவாசி. அக்டோபர் முதல் வாரம் கிளம்பினால் நிச்சயம் இந்தியவாசிதான்.

அதனால் என்ன என்கிறீர்களா? அக்டோபர் முதல் மார்ச் வரை ஜெர்மனியில் வாங்கும் சம்பளத்தையும் இங்கே ரிட்டர்னில் காட்ட வேண்டும். அங்கே கட்டிய வரியை இரட்டை வரி ஒப்பந்தப்படி கழித்துக்கொள்ளலாம். அங்கே திறக்கும் பேங்க் கணக்கை வெளிநாட்டுச் சொத்து அட்டவணையிலும் எழுத வேண்டும். அதை விட்டால் கறுப்புப் பணச் சட்டத்தில் 10 லட்சம் அபராதத்துக்கு இடம் உண்டு. சிறு தொகைகளுக்கு இப்போது தளர்வு கொடுத்திருக்கிறார்கள், அதை நம்பி எழுதாமல் விடக்கூடாது.

செப்டம்பர் 28-க்குள் கிளம்பினால் இதில் எதுவும் இல்லை.

கோபி_வாய்க்கால்

அண்ணா, ஒரு வாரத்துல இவ்வளவு வித்தியாசமா! அப்ப டிக்கெட்டை முன்னாடி மாத்திடட்டுமா? வீட்டுல அவளுக்கும் இதே கணக்குதானே?

ஈரோடு_ஆடிட்டர்

இல்லை. இதைத்தான் பலரும் கவனிப்பதில்லை. இந்த 182 சலுகை வேலைக்காகக் கிளம்பும் இந்தியக் குடிமகனுக்கு. உங்கள் மனைவி வேலைக்குப் போகவில்லை, கூடப் போகிறார். அவருக்குப் பொதுவிதிதான்: இந்த ஆண்டில் 60 நாளும், முந்தைய நான்கு ஆண்டுகளில் மொத்தம் 365 நாளும் இங்கே இருந்தாலே இந்தியவாசி. ஆக, செப்டம்பரில் போனாலும் இந்த ஆண்டுக்கு அவர் இந்தியவாசிதான். அவர் கணக்கு என்.ஆர்.ஓ. ஆனபின் பேங்க் எஃப்.டி. வட்டியில் முதல் ரூபாயிலிருந்தே 30 சதவீதமும் செஸ் என்ற கூடுதல் வரியும் டிடிஎஸ் (முன்கூட்டியே பிடிக்கும் வரி) ஆகப் பிடிக்கும். ரிட்டர்ன் போட்டு வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். அவருக்கு வேறு வருமானம் இல்லை என்றால் பெரும்பாலும் முழுசாகத் திரும்பி வரும்.

உங்கள் என்.ஆர்.ஓ. வட்டிக்கு ஜெர்மன் ஒப்பந்தப்படி 10 சதவீதம்தான் இங்கே வரி. ஆனால் அங்குள்ள வரி அலுவலகத்தில் ‘இவர் எங்கள் நாட்டு வரிவாசி’ என்று சான்றிதழ் வாங்கி பேங்கில் கொடுத்தால்தான் அந்த விகிதம் கிடைக்கும்.

மியூனிக்_மாப்பிள்ளை

நான் காங்கேயம். மியூனிக் வந்து பல வருஷம் ஆச்சு. ஆடிட்டர் அண்ணன் சொன்ன கணக்கு சரி. ஆனா ஒரு வாரத்துக்காக எல்லாத்தையும் தலைகீழா மாத்தணுமான்னு கேட்பேன். இந்தச் சம்பளத்துக்கு ஜெர்மன் வரியே கனமாத்தான் இருக்கும். அதைக் கழிச்சா இந்தியாவில் கட்ட மிச்சம் வராமலும் போகலாம். ரெண்டு படிவம் கூடுதலா எழுதணும், அவ்வளவுதான். தவிர, நேஷனல் விசாவுல ‘இந்தத் தேதியிலிருந்து செல்லும்’னு போட்டிருக்கும். அதுக்கு முன்னாடி வந்து இறங்க முடியாது. டிக்கெட்டை மாத்தறதுக்கு முன்ன அதைப் பாருங்க.

இன்னொன்னு. காப்பீடு நீங்க வேலையில் சேர்ற நாள்லதான் தொடங்கும். செப்டம்பர் கடைசியில் வந்துட்டு அக்டோபர் 15 வரை மூணு பேரும் இங்கே உட்கார்ந்திருந்தா, அந்த இடைவெளிக்குத் தனியா பயணக் காப்பீடு எடுத்தே ஆகணும். பையனுக்குக் காய்ச்சல்னு ஒரு நாள் அவசரப் பிரிவுக்குப் போனாலே பில் கையில வரும்.

அரசு வழியா பிரைவேட்டா: கண்ணை மூடிட்டு அரசு வழி போங்க. 2026-ல் அடிப்படை 14.6 சதவீதம், கூடுதல் சராசரியா 2.9. பாதி கம்பெனி, பாதி நீங்க. உங்க கூட வர்ற மனைவிக்குச் சம்பளம் இல்லாத வரைக்கும் அவங்களும் பையனும் இப்போதைய விதிப்படி அதே சந்தாவில் இலவசமா சேருவாங்க. பிரைவேட்டில் ஆளுக்கு ஒரு பாலிசி, ஆளுக்கு ஒரு பிரீமியம். உங்களுக்குச் சொன்ன குறைஞ்ச தொகை உங்க ஒருத்தருக்கு மட்டும்தான் இருக்கும், கேட்டுப் பாருங்க. வருஷச் சம்பளம் 77,400 யூரோவுக்கு மேல இருந்தாத்தான் பிரைவேட்டுக்குப் போகவே அனுமதி. 55 வயசு தாண்டிட்டா அங்கிருந்து திரும்பி வர்றது ஏறக்குறைய முடியாது. இங்கே தங்கப்போறது எவ்வளவு காலம்னு தெரியாதவங்க அந்தப் பக்கம் போகாம இருக்கிறது நல்லது.

அப்பா அம்மாவை இதில் சேர்க்க முடியாது. வழியே இல்லை. பார்க்க வந்தா 180 நாளில் 90 நாள்தான், அதுக்குக் குறைஞ்சது 30,000 யூரோ பயணக் காப்பீடு கட்டாயம். அதுலயும் பழைய சீக்குக்குப் பொதுவா பணம் தர மாட்டாங்க.

பொள்ளாச்சி_பிராம்ப்டன்

தம்பி, நீங்க எழுதின கேள்வியிலேயே எனக்குப் பயமா பட்டது ஒரே ஒரு வரிதான். அப்பா அம்மா கம்பெனி க்ரூப் பாலிசியில் இருக்காங்கன்னு போற போக்குல சொல்லிட்டீங்க. நீங்க ரிலீவ் ஆகிற நாளோட அது முடிஞ்சுது. யூரோ, 182 நாளெல்லாம் அப்புறம். ஸ்டென்ட் வெச்ச மனுஷனுக்கு அன்னைக்கு ராத்திரியிலிருந்து ஒன்னும் இல்லை.

எங்க பெரியம்மா வீட்டுல நடந்ததைச் சொல்றேன். பையன் கனடா வந்தான், இங்கே ஒன்டாரியோ மாகாணக் காப்பீடு அவனுக்கு வந்துருச்சு. பெரியம்மாவுக்கு ஊர்ல தனி பாலிசி இருந்தது. வருஷா வருஷம் அவன் சேமிப்புக் கணக்கிலிருந்து தானா பிரீமியம் போகும். கணக்கை என்.ஆர்.ஓ. ஆக்கினப்ப பழைய ஆட்டோ டெபிட் அறுந்து போச்சு. பேங்க் ஒரு வார்த்தை சொல்லலை. பாலிசிக் கம்பெனி அனுப்பின மெசேஜ் எல்லாம் ரீசார்ஜ் போடாம செத்துப்போன இந்திய நம்பருக்குப் போயிட்டிருந்தது. பெரியம்மா களத்துல தேங்காய் பொறுக்கும்போது வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிஞ்சது. ஆஸ்பத்திரி காப்பீட்டு மேசையில் கார்டு நம்பரைத் தட்டின பொண்ணு கம்ப்யூட்டர் திரையைத் திருப்பிக் காட்டிச்சாம்: பாலிசி நடப்பில் இல்லை. ரினீவல் தேதி முடிஞ்சு ரெண்டு வாரம்தான் ஆகியிருந்தது. 30 நாள் சலுகைக் காலத்துக்குள்ள பணம் கட்டி பாலிசியைத் தொடர்ந்துட்டாங்க, பழைய நோய்களுக்கான வெயிட்டிங் காலக் கணக்கெல்லாம் கெடலை. ஆனா இடையில் நடந்த ஆபரேஷனுக்கு ஒரு ரூபா வரலை. அக்கா வளையலை அடகு வெச்சுத்தான் அட்வான்ஸ் கட்டினது.

இங்கே கூட்டிட்டு வந்து பார்த்துக்கலாம்னு சொல்றவங்களுக்கும் ஒன்னு. அப்பா அம்மா நீண்ட நாள் வந்து தங்கற சூப்பர் விசாவுக்குக் குறைஞ்சது 1,00,000 டாலர் காப்பீடு எடுத்து வரணும், மாகாணக் காப்பீட்டில் அவங்களுக்கு இடம் கிடையாது.

தாராபுரம்_சிஸ்டர்

அக்கா சொல்றது நூத்துக்கு நூறு. நான் இங்கிலாந்தில் நர்ஸ். விசாவோட சேர்த்துக் கட்டற ஹெல்த் சர்சார்ஜ் (மருத்துவக் கட்டணம்) எங்க விசாவுக்கு இல்லை. மத்த வேலை விசாக்காரங்க பெரியவங்க ஆளுக்கு வருஷத்துக்கு 1,035 பவுண்ட், விசா எத்தனை வருஷமோ அத்தனையும் முன்கூட்டியே கட்டணும். கட்டினதும் அரசு மருத்துவச் சேவையான என்.எச்.எஸ். வந்த நாள்லேயே திறக்கும். வரி வேற கதை, அது ஏப்ரல் 6-ல் தொடங்கற வருஷம், தனி நாள் கணக்கு. சர்சார்ஜ் கட்டியாச்சு, அதனால நான் இந்த நாட்டு வரிவாசின்னு நினைச்சுக்கிட்டவங்க எங்க வார்டுலயே இருக்காங்க.

பார்க்க வர்ற அப்பா அம்மாவை அட்மிட் பண்ணினா என்.எச்.எஸ். விலையில் 150 சதவீதம் பில் போடுவாங்க. அந்த பில்லைக் கையில வெச்சுக்கிட்டு நிக்கிற பெரியவங்களை நான் பார்த்திருக்கேன்.

பாலிசி_பெருந்துறை

நான் காப்பீட்டு ஏஜென்ட், அதைத் தெரிந்துகொண்டு படியுங்கள்.

க்ரூப் பாலிசியிலிருந்து அதே காப்பீட்டுக் கம்பெனியின் தனிப் பாலிசிக்கு மாறிக்கொள்ளும் வசதி இருக்கிறது. ரிலீவ் ஆவதற்கு முன்பே, பாலிசி உயிரோடு இருக்கும்போதே எழுதிக் கேட்க வேண்டும். க்ரூப்பில் கழித்த வருஷங்கள் வெயிட்டிங் காலக் கணக்கில் சேரும். மாறாமல் புதிதாக எடுத்தால் பழைய நோய்களுக்கு 36 மாதம் வரை காத்திருக்கச் சொல்லலாம். ஸ்டென்ட் கேஸுக்கு அந்த மூன்று வருஷம்தான் முக்கியமான மூன்று வருஷம்.

அவர்கள் மருத்துவப் பரிசோதனை கேட்கலாம், பிரீமியத்தை ஏற்றலாம், பில்லில் ஒரு பங்கை நீங்களே கட்ட வேண்டும் என்று நிபந்தனை போடலாம். ஸ்டென்ட்டை மட்டும் மறைக்காதீர்கள். ஐந்து வருஷம் தொடர்ந்து பிரீமியம் கட்டியபின், மோசடி என்று நிரூபித்தாலொழிய அதைச் சொல்லி மறுக்க முடியாது. அதற்கு முன் கிளெய்ம் வந்தால் பழைய டிஸ்சார்ஜ் சம்மரியைத் தேடி எடுத்துவிடுவார்கள். 65 வயசுக்கு மேல் பாலிசி தர மாட்டோம் என்று யாராவது சொன்னால் அது பழைய கதை, அந்த வயசு வரம்பு 2024-ல் போய்விட்டது. தனிநபர் பாலிசிக்கு ஜி.எஸ்.டி.யும் 2025 செப்டம்பர் 22 முதல் இல்லை.

சென்னிமலைத்தறி

எங்க பக்கம் ரெண்டு தெருவுக்கு ஒரு வீட்டுல பிள்ளைங்க வெளிநாட்டுலதான். ஒரு சந்தேகம்ங்க. அரசாங்கக் காப்பீட்டு அட்டை இருக்கே, முதலமைச்சர் திட்டம், அஞ்சு லட்சம். அது போதாதா?

பாலிசி_பெருந்துறை

அதற்குக் குடும்ப வருஷ வருமானம் 1,20,000-க்குள் இருக்க வேண்டும், வி.ஏ.ஓ. சான்று வேண்டும். தகுதி இருக்கிறவர்களுக்கு நல்ல திட்டம். தோட்டமும் ஐடி சம்பளமும் இருக்கிற வீட்டுக்கு அந்தச் சான்றை எழுதி வாங்கலாம் என்று நினைக்க வேண்டாம்.

பனியன்சிட்டி

சரி, நான் சொன்னது பேங்குக்கு மட்டும்தான்னு ஒத்துக்கறேன். என் கேள்விக்கு வாங்க. ஷார்ஜாவில் வரி இல்லை. திருப்பூர்ல குடோன் வாடகை வருஷத்துக்கு 15 லட்சத்தைத் தாண்டுது. இந்தியக் குடிமகன், வேற எங்கேயும் வரி கட்டலைன்னா இந்தியவாசியாவே கணக்கு வெச்சு துபாய், ஷார்ஜா சம்பளத்துக்கும் வரி போடுவாங்கன்னு வாட்ஸ்அப்ல சுத்துது. நிஜமா?

ஈரோடு_ஆடிட்டர்

பாதி நிஜம். இந்திய வருமானம் 15 லட்சத்தைத் தாண்டி, வேறு எந்த நாட்டிலும் வரி கட்டும் கடமை இல்லாத இந்தியக் குடிமகனை இந்தியவாசியாகக் கருதலாம் என்று 2020-ல் விதி வந்தது உண்மை. ஆனால் அப்படிக் கருதப்படுகிறவருக்கு ‘சாதாரணமாக வசிக்காதவர்’ என்ற நிலைதான். அந்த நிலையில் வெளிநாட்டுச் சம்பளத்துக்கு இங்கே வரி இல்லை. இங்கிருந்து நடத்தும் தொழிலின் வெளிநாட்டு லாபத்துக்குத்தான் வரி. நீங்கள் ஷார்ஜாவில் சம்பளம் வாங்குகிறவர்தானே? அங்கே ஒரு டிரேடிங் கம்பெனி வைத்து, திருப்பூரில் உட்கார்ந்துகொண்டு நடத்தினால் வேறு கதை.

உங்களுக்கு வேறு ஒரு இடத்தில் உதைக்கும். 15 லட்சத்துக்கு மேல் இந்திய வருமானம் இருந்தால், ஊருக்கு வந்து தங்கும் வரம்பு 182 இல்லை, 120 நாள். நோன்புக்கு ஒரு மாசம், கல்யாணம் காட்சிக்கு ஒரு மாசம், அப்பாவுக்கு முடியவில்லை என்று ரெண்டு மாசம் வந்தால் தாண்டிவிடும்.

குடோன் வாடகைக்கு உங்கள் வாடகைதாரர் என்.ஆர்.ஐ. என்று டிடிஎஸ் பிடிக்கிறாரா? 30 சதவீதமும் செஸ்ஸும் அவர் பிடித்துக் கட்ட வேண்டும். பிடிக்காவிட்டால் நோட்டீஸ் அவருக்கு வரும், சண்டை உங்களுக்கு வரும்.

பனியன்சிட்டி

பிடிக்கலை. நாளைக்கே பேசறேன்.

கோபி_வாய்க்கால்

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. அக்கா, உங்க பெரியம்மா கதையைப் படிச்சதும் எச்.ஆருக்கு மெயில் போட்டுட்டேன். க்ரூப்பிலிருந்து தனிப் பாலிசிக்கு மாற்றும் படிவம் அனுப்பியிருக்கிறார்கள். அப்பாவுக்கு அடுத்த வாரம் ஈரோட்டில் பரிசோதனை. “எனக்கென்னடா, நல்லாத்தான் இருக்கிறேன், அந்தப் பணத்துல போரைத் தூர் வாரலாம்” என்கிறார்.

ஆடிட்டர் அண்ணா, அப்பா இன்னொன்றும் சொல்கிறார். நீ போவதற்குள் தோட்டத்தை உன் பேருக்கு எழுதி வைத்துவிடுகிறேன் என்று. அல்லது அடுத்த வருஷம் லீவில் வரும்போது எழுதலாமா?

ஈரோடு_ஆடிட்டர்

அடுத்த வருஷம் கூடாது. கிளம்பியபின் நீங்கள் ஃபெமாவில் வெளிநாட்டுவாசி. விவசாய நிலத்தை வாங்கவும் முடியாது, தானமாகப் பெறவும் முடியாது. வாரிசாக வருவதற்குத் தடை இல்லை. இங்கே வசிக்கும்போதே உங்கள் பேருக்கு வந்த நிலத்தை வைத்துக்கொள்ளலாம், ஆனால் பின்னால் விற்றால் இங்கே வசிக்கும் இந்தியக் குடிமகனுக்குத்தான் விற்க வேண்டும். அப்பா உயில் எழுதினால் போதும், அவசரப்பட்டுப் பத்திர ஆபீஸ் போக வேண்டியதில்லை. உங்களுக்கு அக்கா தங்கச்சி இருந்தால் அவர்களையும் உட்கார வைத்துப் பேசிவிட்டு எழுதச் சொல்லுங்கள். பொங்கலுக்கு வந்து தோட்டத்தில் நிற்க மனசு வர வேண்டுமே.

மியூனிக்_மாப்பிள்ளை

ஒன்னு விட்டுப்போச்சு. வெளிநாட்டுச் சம்பளத்தைப் போட்டு வைக்கிற என்.ஆர்.இ. கணக்கில் எஃப்.டி. வட்டிக்கு வரியே இல்லைன்னு ஊர்ல எல்லாரும் சொல்வாங்க. இந்தியாவுல இல்லைதான். ஜெர்மனியில் உண்டு. இங்கே வீடு எடுத்துக் குடியேறின நாள்லேர்ந்து உலகத்துல எங்கே வந்த வட்டியும் கணக்குல வரும். 25 சதவீதம், அதுக்கு மேல ஒரு சின்ன கூடுதல். தம்பதிக்கு வருஷம் 2,000 யூரோ வரைக்கும் விலக்கு. அதுக்கு மேல போனா ரிட்டர்னில் எழுதுங்க. நாடுகளுக்கிடையே கணக்குத் தகவல் பரிமாற்றம் இருக்கு, யாருக்குத் தெரியும்னு விட்டுடாதீங்க.

ஜனவரி முதல் செப்டம்பர் வரை இந்தியாவில் வாங்கின சம்பளத்துக்கு ஜெர்மனியில் வரி கிடையாது. ஆனா வரி விகிதத்தை முடிவு பண்ண அதையும் சேர்த்துப் பார்ப்பாங்க. முதல் வருஷ ரிட்டர்னில் அதைக் கேட்கும்போது பதறாதீங்க.

கோபி_வாய்க்கால்

அண்ணா, விசாவைப் பார்த்தேன். செப்டம்பர் 24-லிருந்து செல்லும். அதனால் ஆடிட்டர் அண்ணன் வழியிலேயே போகலாம் என்று முடிவு. இடைவெளிக்கு மூணு பேருக்கும் பயணக் காப்பீடு எடுத்துக்கொள்கிறேன். ஒரே ஒரு சந்தேகம். கோயமுத்தூரிலிருந்து பெங்களூர் போய் அங்கிருந்து ஃபிராங்க்ஃபர்ட். செப்டம்பர் 28 ராத்திரி ஏர்போர்ட் போனால், ஃபிளைட் 29 அதிகாலை. எந்த நாள் கணக்கு?

ஈரோடு_ஆடிட்டர்

இமிகிரேஷனில் பாஸ்போர்ட்டில் விழும் முத்திரைத் தேதி. கோயமுத்தூரில் உள்நாட்டு விமானம் ஏறிய நேரம் கணக்கில்லை. பெங்களூரில் வரிசை நீண்டு பன்னிரண்டு மணி தாண்டினால் முத்திரை 29 என்று விழும், நீங்கள் 182-ல் உட்கார்ந்துவிடுவீர்கள். கிளம்பும் நாளைச் சேர்க்கலாமா கூடாதா என்று தீர்ப்பாயங்களில் வாதாடியவர்கள் உண்டு. நீங்கள் ஏன் வாதாட வேண்டும்? 26 அல்லது 27 எடுங்கள்.

பொள்ளாச்சி_பிராம்ப்டன்

புதுப் பாலிசியில் போன் நம்பர் அப்பாவோடதும் உங்க தங்கச்சி வீட்டுக்காரரோடதும் இருக்கட்டும். பிரீமியத்தை என்.ஆர்.ஓ. ஆனபின் புதுசா ஆட்டோ டெபிட் போட்டு, ஒரு தடவை கையால கட்டிப் பாருங்க. உங்க இந்திய சிம்முக்கு வருஷத்துக்கு ஒரு ரீசார்ஜ், பேங்க் ஓ.டி.பி.க்காவது வேணும். கார்டு ஜெராக்ஸ் ஒன்னு பக்கத்துத் தோட்டத்துக்காரங்க கிட்டயும் இருக்கணும். ராத்திரி ரெண்டு மணிக்கு ஆஸ்பத்திரிக்கு வண்டி எடுத்துட்டுப் போறது அவங்கதான்.

கோபி_வாய்க்கால்

தங்கச்சி இல்லைங்க்கா, அக்கா. பவானியில் இருக்கிறாள். மாமா நம்பரைக் கொடுத்துவிட்டேன். டிக்கெட் 26.

மியூனிக்_மாப்பிள்ளை

நல்லது. வந்து வீடு கிடைச்சதும் ரெண்டு வாரத்துக்குள்ள நகராட்சி ஆபீஸில் முகவரி பதியணும். வீட்டு ஓனர் கையெழுத்துப் போட்ட தாள் கேட்பாங்க, ஹோட்டல் பில் செல்லாது. அந்தப் பதிவுக்கு அப்புறம்தான் வரி எண் தபாலில் வரும். அது வர்றதுக்குள்ள முதல் சம்பளம் வந்துட்டா கம்பெனி ரொம்ப அதிகமா பிடிக்கிற ஆறாம் வரி வகுப்பில் பிடிச்சிருக்கலாம், பாதிச் சம்பளம் போன மாதிரி தெரியும். எண் வந்ததும் அடுத்த மாசத்திலேயே சரி பண்ணித் தருவாங்க. அதுவரைக்கும் செலவுக்குக் கையில யூரோ கொஞ்சம் வெச்சுக்கோங்க.